ரிசப்ஷன் சாப்பாட்டு நேரத்துக்குப் புதுசா என்ன போடுறது? ஒரு டிஜே தம்பிக்கு விரிவான பதில்

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: மூணு வருஷமா கல்யாண ரிசப்ஷனுக்கு டிஜே பண்றார், டான்ஸ் செட் எல்லாம் நல்லா போகுது, ஆனா டின்னர் நேரம் வந்தா மட்டும் அதே சாக்ஸபோன் கவர் ஃபோல்டர், அது முடிஞ்சா யூட்யூப்ல எடுத்த ஒரு லவுஞ்ச் மிக்ஸ், இதையே ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு, ஃப்ரெஷ்ஷா என்ன போடலாம், எங்க தேடுறது, பெரியவங்க முகம் சுளிக்காமயும் இருக்கணும்ங்கறார். நான் கோயம்புத்தூர்ல 16 வருஷமா இதே வேலைதான், கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கம்பெனி டின்னர்னு எல்லாத்துக்கும் போட்டிருக்கேன். டான்ஸ் செட்ட விட இந்த டின்னர் நேரத்து இசை மேல எனக்கு அக்கறை ஜாஸ்தி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அலுப்பு உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி, வர்றவங்களுக்கும்தான். தை மாசத்துலயோ ஆவணியிலயோ ஒரு வீட்டுக்கு ஆறு பத்திரிகை வந்திருக்கும், நம்ம ஊர்ல ஒரே சொந்தக்கார வட்டம்தான் மண்டபம் மண்டபமா சுத்தி வருது, ஒரே மாசத்துல மூணு ரிசப்ஷன்ல அதே சாக்ஸபோன்ல அதே மெலடிய அவங்க கேட்டாச்சு. ஒரு தடவ சாம்பார் வாளியோட வந்த கேட்டரிங் பையன் ஒரு பாட்டு முடியறப்பவே அடுத்த பாட்டோட ஆரம்பத்த விசிலடிச்சுட்டே போனான், பாட்டு அப்புறம்தான் வந்துச்சு. அந்த ஃபோல்டர் அவனுக்கு வரிசையோட மனப்பாடம். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த ஃபோல்டரையே அழிச்சேன், அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்துல உண்மையா தேட ஆரம்பிச்சது.

தேட ஆரம்பிச்சதும் நான் பண்ணின தப்பு, பாட்டு பாட்டா தேடினது. டின்னர்ங்கற பேர்ல இருக்கிற ப்ளேலிஸ்ட் அம்பது கேட்டுப் பாருங்க, எல்லாம் ஒரே பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். பாட்ட விட்டுட்டு முதல்ல வாத்தியத்தப் பாருங்க. சாப்பாட்டு ஹால்ல முக்கியமான சத்தம் நம்ம பாட்டு கிடையாது, ஜனங்க பேச்சு. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கற ரெண்டு அத்தைங்க இலையில அவியல் ஆறிட்டு இருக்கறதக்கூட கவனிக்காம பேசிட்டு இருப்பாங்க, அந்தப் பேச்சுக்கு இடம் விடற இசைதான் வேணும். சாக்ஸபோன், வயலின், நாதஸ்வரம் மாதிரி ஊதுற, இழைக்கிற வாத்தியம் ஒரு சுரத்தப் பிடிச்சா விடாம நிக்கும், மனுஷக் குரல் இருக்கிற அதே இடத்துலதான் அதுவும் உக்காரும், அதனால பக்கத்துல யாரோ மூணாவது ஆள் பேசிட்டே இருக்கிற மாதிரி இருக்கும். வீணை, கிடார், நரம்ப சின்ன கோலால தட்டுற சந்தூர், பியானோ மாதிரி மீட்டுற, தட்டுற வாத்தியம் அப்படி இல்ல, சுரம் பிறந்த உடனே தேய ஆரம்பிச்சிடும், ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளி வழியா பேச்சு போய்டும். நான் இத புஸ்தகத்துல படிச்சு கத்துக்கல, ஒரு மண்டபத்துல கடைசி டேபிள்ல உக்காந்து சாப்பிட்டுட்டே எதிர்ல இருக்கிறவர் பேசுறத கேக்க முடியுதான்னு மாத்தி மாத்திப் பாத்து கண்டுபிடிச்சது. கத்ரி கோபால்நாத் சார் சாக்ஸபோன் எனக்கு உயிர், ஒரு மேற்கத்திய வாத்தியத்துல கமகத்த, அதாவது சுரத்த அசைச்சு வளைக்கிற நம்ம பாணிய, கொண்டு வந்த மேதை, ஆனா அவர கவனிச்சுக் கேக்கணும். மணமக்கள் வர்றதுக்கு முன்னாடி மெயின் ஹால்ல போடுங்க, சாப்பாட்டு ஹாலுக்கு வேண்டாம்.

பாரிஸ்ல எரிக் சத்தின்னு ஒரு இசையமைப்பாளர் இருந்தார், நூறு வருஷத்துக்கு முன்னாடியே இசைய நாற்காலி மேஜை மாதிரி ஒரு ஓரமா வைக்கணும்னு சொன்னவர், அதுக்குப் பேரே மரச்சாமான் இசைன்னு வச்சார். 1920ல ஒரு ஓவியக் காலரில நாடக இடைவேளைக்கு அத வாசிக்க வச்சா, வந்தவங்க பேச்ச நிறுத்திட்டு மரியாதையா கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அவர் அங்க இங்க ஓடி பேசுங்க, நடங்க, கேக்காதீங்கன்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சாம். நம்ம பிரச்சினை அதுக்கு நேர் எதிர், நம்ம ஜனங்க தாராளமா பேசுவாங்க. ஆனா தெரிஞ்ச பாட்டு வந்தா அந்த நிமிஷமே காது அங்க போய்டும், அதுதான் சினிமா பாட்டு இன்ஸ்ட்ருமென்டல்ல இருக்கிற சிக்கல்.

இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் விழற குழி இது. வரிகள் இல்லாத வெர்ஷன்னா சேஃப்னு நினைக்கிறோம். தமிழ் ஆளுக்கு வரி இல்லாத பாட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, புல்லாங்குழல்ல வாசிச்சாலும் அவங்க மனசுல வரி ஓடிட்டே இருக்கும். பொள்ளாச்சி பக்கம் ஒரு ரிசப்ஷன், நான் ஒரு பழைய மெலடியோட புல்லாங்குழல் வெர்ஷன போட்டேன், கேக்கறதுக்கு அவ்வளவு இனிமையா இருக்கும், ஆனா படத்துல அது புருஷன் போனப்புறம் பாடற பாட்டு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, பொண்ணோட அப்பா நேரா வந்தார், கோவமா எல்லாம் இல்ல, மெதுவா தோள்ல கை வச்சு, தம்பி, எங்க அக்கா அங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க, மாமா தவறி எட்டு மாசம்தான் ஆச்சு, இந்தப் பாட்ட மட்டும் மாத்திடுங்கன்னார். நான் திரும்பிப் பாத்தேன், அந்த அம்மா இலைய மடக்காம கையக் கழுவாம தலைய குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. இன்னிக்கும் அந்த உருவம் கண்ணு முன்னாடி நிக்குது. அதுலேர்ந்து சினிமா பாட்டு கவர் எது ஃபோல்டருக்குள்ள போனாலும் அந்தப் பாட்டோட முழு வரியும், படத்துல அது எங்க வருதுங்கறதும் பாக்காம சேக்கறதில்ல. பிரிவு, சாவு, துரோகம், காதல் தோல்வி, எதுவும் கூடாது. ராகத்துலயும் அப்படித்தான், முகாரியயும் சுபபந்துவராளியயும் கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க, ராகம் பேரு தெரியாதவங்களுக்கும் அது நெஞ்சுல பாரமா இறங்கும்.

சரி, சினிமா கவர் குறைச்சா அந்த இடத்துல என்ன வைக்கிறது. இங்கதான் புதுசுங்கறதுக்கு நான் ஒரு அளவு வச்சிருக்கேன்: வாத்தியம் புதுசா இருக்கணும், ஸ்கேல், அதாவது சுர வரிசை, பழகினதா இருக்கணும். நம்ம மோகன ராகத்துல இருக்கிற அதே அஞ்சு சுரம் சீனாவுல இருக்கு, எத்தியோப்பியாவுல இருக்கு, ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாட்டுல இருக்கு. சுத்த தன்யாசி ராகத்தோட அஞ்சு சுரம்தான் அமெரிக்க ப்ளூஸுக்கும் ஆப்பிரிக்காவுல மாலி நாட்டு பாலைவன கிடாருக்கும் அடித்தளம். அதனால அந்த ஊர் இசைய நம்ம தாத்தா பாட்டி முன்னாடி போட்டா அவங்களுக்கு அது அந்நியமா தெரியாது, எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னுதான் சொல்வாங்க, ஆனா எந்தப் பாட்டுன்னு மனசு தேடிப் போக முடியாது, ஏன்னா வரி இல்ல. தெரிஞ்ச மாதிரியும் இருக்கணும், பேச்ச இழுத்துட்டும் போகக் கூடாது. இந்த ரெண்டும் ஒண்ணா கிடைக்கிற இடம் அதுதான்.

உதாரணம் சொல்றேன். எத்தியோப்பியாவுல முலாட்டு அஸ்டாட்கேன்னு ஒருத்தர், வைப்ராஃபோன் வாசிப்பார், அது உலோகக் கட்டைகள சின்ன கோலால தட்டுற வாத்தியம், அவங்க ஊர் அஞ்சு சுர ஸ்கேல ஜாஸோட சேத்தவர். எத்தியோபிக்ஸ்னு ஒரு சிடி வரிசை இருக்கு, அதுல நாலாவது முழுக்க அவரோட இசைதான், 1998ல வந்தது. அதுல எல்லாமே சாப்பாட்டுக்கு ஆகாது, ட்ரம்பெட் மாதிரி ப்ராஸ் வாத்தியம் கொஞ்சம் கனமா வர்ற ட்ராக்க தள்ளிட்டு மெதுவா போறத மட்டும் எடுங்க. அப்புறம் மாலியோட கோரா, 21 நரம்பு இருக்கிற சுரைக்குடுக்கை வீணைன்னு வச்சுக்கோங்க, தூமானி ஜபாத்தேன்னு ஒரு மேதை வாசிச்சது, அவரும் அலி ஃபர்கா டூரேங்கற கிடார்காரரும் சேந்து 2005ல ஒரு ஆல்பம் போட்டாங்க, இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன். தம்பி, டின்னர் இசைக்குன்னு ஒரே ஒரு ஆல்பம் வாங்குங்கன்னு யாராவது என்னைக் கேட்டா நான் இததான் சொல்வேன். கிடாரும் கோராவும் மட்டும்தான் பெரும்பாலும், ஒண்ணு பேசி முடிச்சா இன்னொண்ணு பேசும், தண்ணி ஓடுற மாதிரி. ஈரோட்டுல ஒரு அறுபதாம் கல்யாணத்துல இத போட்டேன், ஒரு பெரியவர் சாப்பிட்டு முடிச்சு வெத்தல மடிச்சுட்டே வந்து இது எந்த ஊர் வீணைங்க தம்பின்னு கேட்டார். ஆப்பிரிக்காங்கன்னு சொன்னா நம்பல, ஃபோன்ல அந்த வாத்தியத்தோட படத்த காட்டினேன், கண்ணாடிய ஏத்தி விட்டு ரொம்ப நேரம் பாத்தார்.

தேடுறதுக்கும் ஒரு வழி சொல்றேன், ப்ளேலிஸ்ட்ட பின்தொடராதீங்க, வாசிச்ச ஆள பின்தொடருங்க. ஒரு நூல் பிடிச்சுக் காட்டறேன். நம்ம விஸ்வ மோகன் பட், கிடார மாத்தி செஞ்ச மோகன வீணை வாசிக்கிறவர், அமெரிக்க கிடார்காரர் ரை கூடர் கூட சேந்து எ மீட்டிங் பை தி ரிவர்னு 1993ல ஒரு ஆல்பம் போட்டார், கிராமி வாங்கினது. பிடிச்சிருந்ததா, அப்ப அந்த ரை கூடர் வேற எங்க வாசிச்சிருக்கார்னு பாருங்க, அடுத்த வருஷமே அலி ஃபர்கா டூரே கூட டாக்கிங் டிம்பக்டு, அப்புறம் கியூபாவுக்குப் போய் அந்த ஊர் வயசான கலைஞர்கள வச்சு பதிவு பண்ணி 1997ல வந்த புவேனா விஸ்டா சோஷியல் கிளப். ஒரே ஆள பிடிச்சா ஜெய்ப்பூர்லேர்ந்து மாலி, மாலிலேர்ந்து ஹவானான்னு மூணு கண்டம் சுத்தியாச்சு, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு ட்ராக் தேறும். கியூபா ஆல்பத்துல குரல் இருக்கு, ஆனா ஸ்பானிஷ்ங்கறதால வரி மனசுல ஓடாது, மெதுவா போற ட்ராக் சாப்பாட்டுக்கு ரொம்பவே பொருந்தும். பிரேசிலோட மென்மையான கிடார் இசை போஸா நோவாவும் இதே கணக்குதான், 1964ல ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவும் போட்ட ரெக்கார்ட்லேர்ந்து ஆரம்பிங்க. அதுல சாக்ஸபோன் இருக்கேன்னு கேக்கலாம், இருக்கு, ஆனா அவர் காதுல கிசுகிசுக்கற மாதிரி ஊதுவார், கிடாரும் குரலும் அவ்வளவு மெதுவா இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, அதுல உலகத்துக்கே தெரிஞ்ச அந்த முதல் பாட்ட மட்டும் விட்டுடுங்க, எல்லா ஸ்டார் ஹோட்டல் லிஃப்ட்லயும் அது ஓடி ஓடி தேஞ்சு போச்சு. கொஞ்சம் புதுசா வேணும்னா அமெரிக்காவுல டெக்சஸ் ஊர்க்காரங்க க்ருவாங்பின், மூணே பேர், கிடார், பேஸ், ட்ரம்ஸ், பழைய தாய்லாந்து பாட்டு கேட்டு அந்த வாடையில வாசிக்கிறவங்க, இளவட்டம் அதிகமா இருக்கிற ரிசப்ஷனுக்கு இவங்கள நம்பிப் போடலாம்.

நம்ம ஆளுங்கள விட்டுட்டேன்னு நினைக்காதீங்க, அதுதான் ஃபோல்டர்ல பாதி. 1967ல சிவகுமார் ஷர்மா சந்தூர், பிரிஜ் பூஷன் காப்ரா கிடார், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல்னு மூணு பேரும் சேந்து கால் ஆஃப் தி வேலின்னு ஒரு ரெக்கார்ட் போட்டாங்க, கிட்டத்தட்ட 60 வருஷம் ஆகியும் இன்னும் ஃப்ரெஷ்ஷா இருக்கு. ராஜேஷ் வைத்யா வீணை கல்யாண வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும், அவர் வாசிக்கிற சினிமா பாட்டுக்கு ஹால் திரும்பிப் பாக்கும், அதனால பந்தி முடிஞ்சு ஐஸ்க்ரீம் பக்கம் நகர்ற நேரத்துக்கு அத வைங்க. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவரோட மெதுவான கீர்த்தனைகள், விறுவிறுன்னு போற தனி ஆவர்த்தனம் வேண்டாம், அதுவும் ட்ரெபிள் கொஞ்சம் குறைச்சு, இல்லன்னா எவர்சில்வர் டம்ளர் சத்தத்தோட சேந்து காத குத்தும். இளையராஜாவோட நத்திங் பட் விண்ட் 1988ல வந்தது, அதுல மென்மையா போற பகுதிகள் கல்யாண வீட்டுக்கு அழகா இருக்கும். ஹவ் டு நேம் இட்ட மட்டும் சாப்பாட்டு ஹால்ல போடாதீங்க, 1986லயே அவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கார், அது உக்காந்து கேக்க வேண்டியது, அப்பள சத்தத்துக்கு நடுவுல அத கரைக்கிறது எனக்கு மனசு ஒப்பல. ஜலதரங்கம் ரெக்கார்டிங் நல்லதா கிடைச்சா விடாதீங்க, பீங்கான் கிண்ணத்துல தண்ணி ஊத்தி தட்டுறது, குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நாதஸ்வரம் மெதுவா வைக்கிறதுக்குப் பிறந்த வாத்தியமே இல்ல, கோயில் வீதிக்குப் பிறந்தது, வாசல்ல வரவேற்புக்கு அதான் ராஜா. நேர்ல நாதஸ்வர கோஷ்டி வாசிச்சிட்டு இருந்தா நம்ம சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு ஓரமா நிக்கறதுதான் மரியாதை.

இப்ப நேரக் கணக்கு. நம்ம ரிசப்ஷன்ல டின்னர்னா ஒரு மணி நேரம் இல்ல, ஏழரைலேர்ந்து பத்தரை வரைக்கும் ஓடும், ஆளும் மாறிட்டே இருக்கும். முதல் பந்தில வயசானவங்க, குழந்தைங்க, தூரத்து ஊர் போகணும்னு பஸ்ஸுக்குப் பாக்கறவங்க. எட்டு எட்டரைக்கு மேடையில வரிசைல நின்னு மொய் கவர் கொடுத்துட்டு வர்ற பெரும் கூட்டம். ஒன்பதரைக்கு மேல மாப்பிள்ளை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், பொண்ணோட காலேஜ் செட். முதல் பந்திக்கு வீணை, சந்தூர், கூட்டம் ஏறறப்ப கோரா, போஸா நோவா, கடைசில க்ருவாங்பின் மாதிரி லேசா தாளம் உள்ளதுன்னு நான் நகத்திட்டுப் போவேன், அப்பதான் பக்கத்துல டான்ஸ் செட் ஆரம்பிக்கிறப்ப வெட்டின மாதிரி இருக்காது.

வேகத்துல ஒரு விஷயம் இருக்கு, இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. மில்லிமன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986ல ஒரு ரெஸ்டாரண்ட்ல சோதிச்சுப் பாத்தார், நிமிஷத்துக்கு 72 தட்டுக்குக் கீழ உள்ள மெதுவான இசை ஓடினா ஜனங்க சராசரியா 56 நிமிஷம் உக்காந்தாங்க, 92க்கு மேல வேகமா ஓடினா 45 நிமிஷத்துல எழுந்தாங்க. பஃபேன்னா இதப்பத்தி கவலைப்பட வேண்டாம். ஆனா பந்தின்னா யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் அடுத்த பந்திக்கு ஒருத்தர் கைய வச்சுட்டு நிக்கிற நேரத்துல நீங்க தூங்க வைக்கிற மாதிரி ஆலாபனை போட்டா சமையல் மேஸ்திரி உங்கள தேடி வந்துடுவார். எட்டரை மணி கூட்டத்துக்கு 90லேர்ந்து 100 வரைக்கும் உள்ள ட்ராக் வைங்க, வேகம் இருக்கணும், அடி இருக்கக் கூடாது, அதாவது கை தட்டத் தோணாத வேகம். முதல் பந்தி பெரியவங்களுக்கு 70 போதும், அவங்க நிதானமா சாப்பிடட்டும், அவங்கள யாரும் எழுப்பக் கூடாது.

சத்தம். இதுல நான் கண்டிப்பா இருப்பேன். சாதாரணமா ரெண்டு பேர் பேசுறது ஒரு மீட்டர் தூரத்துல 60 டெசிபல் பக்கம் இருக்கும், டைல்ஸ் போட்ட டைனிங் ஹால் நிறைஞ்சா கூட்டத்தோட சத்தம் மட்டுமே என் மீட்டர்ல 75க்கு மேல காட்டியிருக்கு. கூட்டம் ஏறினா பாட்டு கேக்கலியேன்னு வால்யூம ஏத்துவோம், அதுதான் தப்பு. சத்தம் ஏறினா மனுஷன் தன்னால குரல உயத்துவான், லொம்பார்டுன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911லயே இத சொல்லிட்டார், நீங்க ஏத்த அவங்க கத்த, அவங்க கத்த நீங்க ஏத்தன்னு அது முடியவே முடியாது. கூட்டம் உச்சத்துல இருக்கிறப்ப நான் ரெண்டு மூணு டெசிபல் குறைச்சு வைப்பேன், அப்ப ஹாலே கொஞ்சம் அடங்கறத காதாலயே கேக்கலாம். ரெண்டு மூலைல ரெண்டு பெரிய பாக்ஸ் வச்சா பாக்ஸுக்குக் கிட்ட உக்காந்தவங்க பாவம், தூரத்துல உள்ளவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. சின்ன பாக்ஸா நாலு ஆறு இடத்துல வச்சு ஒவ்வொண்ணும் மெதுவா ஓடணும். ஈக்வலைசர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள கனமான சத்தத்த வெட்டிடுங்க, 2 கிலோஹெர்ட்ஸ்லேர்ந்து 4 வரைக்கும் ரெண்டு மூணு டெசிபல் குறைங்க, பேச்சோட மெய்யெழுத்து சத்தமெல்லாம் அங்கதான் இருக்கு. மண்டபத்தோட சீலிங் ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோ, எல்லாத்துலயும் ஒரே சத்தம்தான் வரும், அதனால வீட்டுலயே மோனோல போட்டுக் கேட்டுடுங்க, சில ரெக்கார்ட்ல ஸ்டீரியோவ அகலமா விரிச்சிருப்பாங்க, மோனோ ஆக்கினா மெயின் வாத்தியமே காணாமப் போகும். பழைய ரெக்கார்டிங்குக்கும் புதுசுக்கும் சத்தம் ஏத்த இறக்கமா இருக்கும், எல்லாத்தயும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டுதான் ஃபோல்டர்ல போடணும்.

இன்னொண்ணு, ஸ்ருதி. ரெண்டு பாட்டோட தாளத்த ஒட்ட வைக்கிற பீட் மிக்ஸ் எல்லாம் இங்க தேவையே இல்ல, ஏழெட்டு செகண்ட் மெதுவா ஒண்ணு இறங்கி ஒண்ணு ஏறினா போதும். ஆனா ஒரு கட்டைல முடிஞ்சது அடுத்து ஒண்ணரைக் கட்டைல ஆரம்பிச்சா, இசை தெரியாதவங்களுக்குக்கூட ஏதோ வழுக்கின மாதிரி இருக்கும், நம்ம ஊர்க்காரங்க காது தம்பூராவுல பழகினது. டிஜே சாஃப்ட்வேர்லயே ஒவ்வொரு ட்ராக்கோட கீ, அதாவது ஸ்ருதி, காட்டும், அத பாத்து அடுக்குங்க, ஒத்து வரலைன்னா நடுவுல ஒரு ரெண்டு செகண்ட் அமைதி விட்டு அடுத்தத ஆரம்பிங்க.

வீட்டுக்காரங்ககிட்ட கேக்காம ஃபோல்டர் போடாதீங்க. என்ன பாட்டு வேணும்னு கேட்டா எல்லாரும் மெலடின்னு ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, அது உதவாது. பூர்வீகம் எந்த ஊர், வீட்டுல என்ன பேசுவீங்க, தாத்தா ரேடியோல என்ன கேப்பார், சமீபத்துல வீட்டுல யாராவது தவறினாங்களா, இந்த நாலு கேளுங்க. வீட்டுல தெலுங்கு பேசறவங்க இருப்பாங்க, சௌராஷ்டிரா பேசறவங்க இருப்பாங்க, மலையாளக் குடும்பத்து சம்பந்தம் இருக்கும், அவங்க பக்கத்து வாசனை ஒண்ணு ரெண்டு ட்ராக்ல வந்தா சம்பந்தி வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதைன்னு நீங்களே பாப்பீங்க. சில முஸ்லிம் குடும்பத்துல இசையே வேண்டாம்பாங்க, முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

உரிமை விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். 1957ம் வருஷ காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவு கல்யாணத்துக்கும் அதோட சேந்த விழாவுக்கும் பாட்டு போடுறதுக்கு விலக்கு கொடுத்திருக்கு, ஆனாலும் சில ஹோட்டல்ல லைசென்ஸ் கேப்பாங்க, வீட்டுக்காரங்கள முன்னாடியே ஹோட்டல்கிட்ட பேச சொல்லிடுங்க. கம்பெனி டின்னருக்கு இந்த விலக்கு கிடையாது, அதுக்கு லைசென்ஸ் எடுத்தே ஆகணும், அது யார் பொறுப்புன்னு அட்வான்ஸ் வாங்கறப்பவே எழுதி வாங்குங்க. தோட்டத்துல, புல்வெளில நடக்கிற ரிசப்ஷன்னா ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அது 2000ம் வருஷ ஒலி மாசு விதி. யூட்யூப்ல இறக்கின ஃபைல வச்சுக்காதீங்க, அந்தக் கலைஞனுக்கு காசும் போகாது, சிம்பல் சத்தம் எல்லாம் மணல் மாதிரி உதிரும். பேண்ட்கேம்ப்ங்கற இணையதளத்துல ஆல்பமா வாங்கினா முழுத் தரத்துல ஃபைல் உங்க கைக்கே வந்துடும், மண்டபத்தோட தரைத்தளத்துல நெட் இல்லைன்னாலும் கவலை இல்ல.

தேடுறதுக்கு நேரம் எங்கன்னு கேப்பீங்க, ஆடியும் மார்கழியும் எதுக்கு இருக்கு. முகூர்த்தம் இல்லாத ஆடில தினம் ஒரு ஆல்பம்னு முழுசா கேளுங்க, சமையலறைல பாத்திரம் கழுவற சத்தம் வர்ற இடத்துல ஸ்பீக்கர வச்சுக் கேளுங்க, ஹெட்ஃபோன்ல கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மார்கழில சென்னை சபாக்கள்ல மத்தியான கச்சேரி நிறைய இலவசம்தான், பேர் வெளிய தெரியாத இளைய வீணைக்காரங்க வாசிப்பாங்க, ரெக்கார்டிங் இருக்கான்னு நேர்ல கேட்டு காசு கொடுத்து வாங்குங்க, என் ஃபோல்டர்ல இருக்கிற மூணு அருமையான வீணை ட்ராக் அப்படி வந்ததுதான், வேற எந்த டிஜேகிட்டயும் கிடையாது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்க, தேதி, மண்டபம், எந்தக் குடும்பம், கேட்டரிங் யாரு, என்னென்ன ட்ராக் ஓடுச்சு. மூணு மணி நேரத்துக்கு 45 ட்ராக் பக்கம் போகும், கையில 120 வச்சுக்கோங்க, அதே சொந்தத்துல அடுத்த கல்யாணம் வந்தா நோட்ட பாத்து பாதிக்கு மேல மாத்திடுங்க. ஒரே தடவைல எல்லாத்தயும் மாத்தணும்னு இல்ல, அடுத்த ரிசப்ஷனுக்கு இப்ப இருக்கிற ஃபோல்டர்ல பத்து சாக்ஸபோன் ட்ராக்க எடுத்துட்டு அந்த இடத்துல கோரா நாலு, சந்தூர் மூணு, போஸா நோவா மூணு வைங்க. எட்டரை மணிக்கு கன்சோல தம்பி ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டு நீங்க போய் கடைசி வரிசைல உக்காந்து சாப்பிடுங்க, பக்கத்து இலைக்காரர் மோர் கேக்கறது உங்க காதுல விழுந்துச்சான்னு பாத்துட்டு வந்து எழுதுங்க.